அண்ணன் கேட்ட ஒரு கையெழுத்து

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். "அவுக குணத்தப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார்கள் மதினி. குணத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அண்ணன் குணத்தைச் சொல்ல வந்தால் என் குணமும் கூடவே வரும். அதைப் பொறுத்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் தலைப்பிள்ளை. அம்மாவின் ஊரான பரளச்சியில் பிறந்தார். வளர்ந்தது பந்தல்குடிக்குக் கிழக்கே அப்பா கட்டிய ஓட்டு வீட்டில். அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், கிணறு ஒன்று. மழை பெய்த வருடம் பருத்தியும் உளுந்தும் வீட்டுக்கு வரும். பெய்யாத வருடம் அப்பாவின் கோபம் மட்டும் வரும். அந்தக் கோபத்தின் முன்னால் எனக்காக எத்தனையோ முறை அண்ணன் போய் நின்றிருக்கிறார். நான் உடைத்த கண்ணாடிக்கு அவர் அடி வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது யோசித்தால், பிற்காலத்தில் நான் செய்ததற்கெல்லாம் அன்றைக்கே ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தார். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் இரும்போடு வாழ்ந்தார். திருமணம் நடந்தது, ஒரு மகன் பிறந்தான். அப்பா காலமானபின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மகள் நான், விசைத்தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, அரை மணி நேரப் பயணத்தில் அருப்புக்கோட்டையில் இருந்தேன். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டது கோயம்புத்தூரிலிருந்த அண்ணனும் மதினியும்தான். நான் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மா போன பிறகு அண்ணன் திரும்பிப் போகவில்லை. காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டு ஒரு லேத் வாங்கி வைத்தார். வீட்டில் இருந்தது ஒருமுனை மின்சாரம்தான். லேத்துக்கு அதற்கேற்ற மோட்டாராக மாற்றிக்கொண்டார். கிணற்று மோட்டார் ஷாப்டு, டிராக்டர் புஷ், தறிக்கான கம்பி என்று வேலை வந்தது. ஆனால் தறிக்காரர்கள் அதிகமாகக் கேட்டது பல் சக்கரம். பல் வெட்ட மில்லிங் மெஷின் வேண்டும். கோயம்புத்தூரில் பழைய கம்பெனி ஒன்றை மூடுகிறார்கள், அங்கே ஒரு மில்லிங் மெஷின் இருக்கிறது என்று பழைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். இன்ன தேதிக்குள் தூக்கிக்கொள்ளாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்றார்களாம்.

அந்தத் தேதிக்கு மறுநாள்தான் என் மகளுக்குக் காதுகுத்து.

திருச்சுழிப் பக்கம் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இது நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். காலையிலேயே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மெஷினைக் கட்டி ஏற்ற லாரிக்காரருக்குத் தெரியாது என்று அதனுடனே ஏறி வந்தவர், வழியில் டயர் வெடித்து மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. பிள்ளை மொட்டைத் தலையோடு அழுதுகொண்டிருந்தாள்.

"தாய்மாமன் சீரு லாரியில வருது போல" என்றார் என் ஓரகத்தி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்துவிட்டது. "யாரு மடியில வச்சா என்ன, குத்துங்க" என்று நானே சொன்னேன். என் கணவரின் அண்ணன் மடியில் வைத்து ஆசாரி வலது காதைக் குத்தி முடித்தபோது அண்ணன் வந்து சேர்ந்தார். யாரோ ஒருவரின் சரக்கு வண்டியில் தொற்றி வந்திருக்கிறார். வேட்டியில் கிரீஸ். கையில் தாம்பாளம், அதில் பட்டுப் பாவாடை, வளையல், ஒரு ஜோடித் தோடு.

ஆசாரி பெரிய மனிதர். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "தாய்மாமன் வந்துட்டாகல்ல. இந்தக் காத அவுக மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார்.

அண்ணன் துண்டால் மடியைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"வேண்டாம். அப்படியே முடிங்க" என்றேன் நான்.

இடது காதும் அந்த மடியிலேயே குத்தப்பட்டது. அண்ணன் தாம்பாளத்தைச் சாமி முன்னால் வைத்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது, "வாரேன் பாப்பா" என்றார். நான் இலை எடுப்பவர்களைச் சத்தம் போடப் போனேன். கோபித்துக்கொள்ள வேண்டியவர் அவர். கோபித்துக்கொண்டது நான்.

மெஷின் வந்து இறங்கிவிட்டது. அதற்கு வேண்டியது மும்முனை மின்சாரம். லேத்துக்குச் செய்ததுபோல் இதில் மோட்டாரை மாற்ற வழியில்லை; மெஷினின் உடம்போடு பொருத்திச் செய்த மோட்டார் அது. சிலர், "கெணத்து லயன்ல இருந்து ஒரு ஒயர இழுங்கண்ணே, யாரு பாக்கப் போறா" என்றார்கள். எங்கள் கிணறு வற்றிப் போனாலும் இணைப்பு உயிரோடுதான் இருந்தது. அண்ணன், "அது வெள்ளாமைக்குக் குடுத்த கரண்டு. அதுல இரும்பு வெட்டப்புடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு முறையாக மும்முனை இணைப்பு கேட்டு மனு எழுதினார். வீடு அப்பா பெயரில் இருந்தது. வாரிசு நாங்கள் இரண்டு பேர். எனவே ஆட்சேபணை இல்லை என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தார். டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தார். "அவசரமில்ல பாப்பா. படிச்சுப் பாத்துப் போடு" என்றார். காபி குடித்தார், பிள்ளையைக் கொஞ்சினார், போய்விட்டார். நான் தாளைப் படித்தேன். நான்கே வரிகள்தான். படித்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். தாம்பாளத்தில் வந்த தோடும் அங்கேதான் இருந்தது. அதையும் பிள்ளைக்குப் போடவில்லை.

என் கணவர் கேட்டபோது, "அவுக பேர்ல த்ரீ பேஸ் வந்துட்டா வீடே அவுகளுதுன்னு ஆயிரும். அப்பறம் எம் பங்கு?" என்றேன். அது ஊருக்குச் சொன்ன காரணம். அந்த வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையான காரணம் அந்தச் சிரிப்பு. நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்ற எண்ணம். அவர் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்குப் போனில், "பாப்பா, அந்தத் தாளு..." என்று ஆரம்பித்தார். "பாக்கலாம்ணே" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

கேட்காமல் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். முதலில் ஒருமுனையை மும்முனையாக்கித் தரும் பெட்டி ஒன்றைப் பழையது வாங்கி மாட்டினார். எங்கள் ஊர் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் அது ஒரே மாதத்தில் புகைந்துபோனது. பிறகு கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்த அப்பாவின் பழைய மும்முனை மோட்டாரைத் தூக்கி வந்தார். உள்ளே காயிலை ஒருமுனைக்கு ஏற்றபடி தானே கட்டினார். ஒருமுனை மின்சாரத்துக்கு அந்த மோட்டாரை நின்ற இடத்திலிருந்து கிளப்பத் தெரியாது. ஏற்கெனவே சுற்றுகிற மோட்டாரைத் தொடர்ந்து சுற்ற வைக்கத் தெரியும். அப்படிச் சுற்றும் மோட்டாரிலிருந்து, இல்லாத முனையும் கிடைத்துவிடும். அதை மில்லிங் மெஷினுக்குக் கொடுக்கலாம். ஆகவே யாராவது முதலில் அதைக் கையால் சுற்றிவிட வேண்டும். கப்பியில் கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்து, வேகம் குறைவதற்குள் ஓடிப்போய் சுவிட்சைப் போட வேண்டும். தவறினால் மறுபடி கயிறு.

மதினி அந்த மோட்டாருக்குச் 'சும்மா சுத்துறவன்' என்று பெயர் வைத்தார்கள். அது கிளம்பும்போது வீட்டில் பல்பு மங்கும், மிக்சி நின்றுவிடும். கரண்டு போய் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. நம் ஊரில் கரண்டு எத்தனை தடவை போய் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படி ஓட்டியும் மெஷினுக்கு முழுப் பலம் கிடையாது. ஒரே வெட்டில் வெட்ட வேண்டிய பல்லை மூன்று நான்கு வெட்டாகச் சீவிச் சீவி எடுத்தார். ஒருநாள் வேலை மூன்று நாள் ஆனது. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் மாறவில்லை. சக்கரம் வராமல் தறி நிற்கும் நாட்களில், "ஒங்க அண்ணன் எப்பத் தருவாரோ" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். தன் மூக்கை அறுத்துக்கொண்டாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்பார்களே, அதுதான். மூக்கு என்னுடையதுதான், ஆனால் எதிரே வந்தவர் எதிரி இல்லை, என் அண்ணன்.

ஏன் இன்னும் கரண்டு வரவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னது ஒரே பதில்: "பேப்பர் நிக்கிது." எங்கே நிற்கிறது என்று சொன்னதில்லை. கேட்டவர்கள் ஆபீஸில் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் சித்தப்பா மின்சார ஆபீஸ்காரர்களைக் கிழி கிழி என்று கிழித்தார். "ஒரு தொழில்காரன இப்பிடி அலைய விடுறாங்களே, வெளங்குவாங்களா?" என்றார். அண்ணன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். எதிர்ப் பந்தியில் நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா, இந்த மலரை நீங்களும் படிப்பீர்கள். அன்று நீங்கள் வைதது அந்த ஆபீஸையல்ல, என்னை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போனபோது, சொந்தக்காரப் பெண்கள் நான்கைந்து பேருடன் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதுக்கு முன்னால் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்போது நான், மற்றவர்கள் காதில் விழும்படி, "இன்னும் கரண்டு வரலையாண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வரும் பாப்பா. வாரப்ப வரும்" என்றார். கயிற்றைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

எதற்காக அப்படிக் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் வாயிலிருந்து, "நீதானே போடல" என்று வரவழைக்க நினைத்தேனோ என்னவோ. வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை முடிந்து கையெழுத்தும் போட்டிருப்பேன். எனக்கு அந்த வசதியை அவர் கொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மதியம், சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக் காரில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நான் தகவல் தெரிந்து பஸ் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயிறு இழுத்ததால்தான் இப்படி ஆனதா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "சர்க்கரை இருந்திருக்கு, பிரஷர் இருந்திருக்கு. அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் ஒரு வருடமாகக் குடியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டியூப்லைட் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வயர்மேன், அண்ணனுக்குப் பழக்கமானவர், என்னிடம் வந்து, "அக்கா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

"ஒங்க கையெழுத்து இல்லாமலே கரண்டு வாங்கிருக்கலாம்க்கா. கூட்டுச் சொத்துல ஒரு ஆளு போடலைன்னா, எது வந்தாலும் நானே பொறுப்புன்னு ஒரு பத்திரம் எழுதிக் குடுத்தாப் போதும். மொத வருசமே சொல்லிட்டேன். வருசா வருசம் சொன்னேன். அண்ணன் கேக்கலை."

"ஏன் கேக்கலை?" என்றேன்.

"அந்தப் பத்திரத்துல தங்கச்சி சம்மதம் குடுக்க மறுத்துட்டாகன்னு எழுதணும்ல. 'எந் தங்கச்சி மாட்டேன்னுட்டான்னு நான் எங் கையால எழுதிக் குடுக்கவா? அத ஆபீஸ்ல நாலு பேரு படிக்கவா? எங்கிட்டக் கயிறு இருக்கு, நான் இழுத்துக்கிறேன் போடா'ன்னுட்டாக."

இத்தனை வருடம் அண்ணனின் குடுமி என் பீரோவில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்தது என் மானம். அதை அவர்தான் வெளியே விடாமல் காத்து வைத்திருந்தார்.

உள்ளே போய் மதினியிடம் கேட்டேன். மதினி நெற்றியில் பொட்டில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "தெரியும்" என்றார்கள். "நானா இருந்தா மொத நாளே எழுதிக் குடுத்திருப்பேன். அவுக விடல" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பதினாறு நாளில் என்னிடம் யாராவது சொன்ன ஒரே நியாயமான வார்த்தை அதுதான்.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து, தாளை எடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, மின்சார ஆபீஸ் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் என்பதைப் பழமொழியாகக் கேட்டிருக்கிறேன். அன்று செய்தே பார்த்தேன். அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதுல மனுதாரர்னு இருக்கவுக எங்கம்மா? வரலையா?"

"அவுக இறந்துட்டாக. நேத்துத்தான் பதினாறு."

அந்த அம்மா தாளை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார். "அவுக இல்லாதப்ப அவுகளுக்குக் கரண்டு குடுக்க ஆட்சேபணை இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்து என்னம்மா செய்ய? இது செல்லாதும்மா. அவுக வீட்டம்மா பேர்ல புதுசா மனு போடச் சொல்லுங்க" என்றார். குரலில் கடுமையே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார்.

மதினி பெயரில் புது மனு போட்டோம். நானும் போய்க் கையெழுத்திட்டேன். இரண்டு மாதத்தில் இணைப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமும் அது அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. கோயம்புத்தூர் வேலையை விட்டு வந்துவிட்ட அண்ணன் மகன் முதல் நாள் சுவிட்சைப் போட்டான். பல்பு மங்கவில்லை. அடுப்படியில் மதினியின் மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. இழுக்க ஆள் இல்லாமல் மில்லிங் மெஷின் தானாகச் சுற்றியது. அத்தனை அமைதியாக ஓடக்கூடிய மெஷின் என்று எனக்கு அதுவரை தெரியாது. கயிறு ஆணியில் தொங்கியது. அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். "அது அங்கனயே கெடக்கட்டும். பாக்கணும்னா இங்கன வந்து பாருங்க" என்று மதினி சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் மகளும் கூட வருவாள், மாமன் கொண்டுவந்த தோட்டைப் போட்டுக்கொண்டு.

அண்ணனின் கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும், காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், பல்பு மங்கியபோதெல்லாம் முகம் சுளிக்காத தெருவினருக்கும், தாமதமானாலும் அண்ணனைவிட்டுப் போகாத தறிக்காரர்களுக்கும், உண்மையைச் சொன்ன வயர்மேன் தம்பிக்கும், தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று ஊசியைக் கீழே வைத்த ஆசாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் மலரில் போட வேண்டுமா என்று மதினி கேட்டார்கள். தங்கை மறுத்துவிட்டாள் என்று ஆபீஸில் நான்கு பேர் படிக்கக் கூடாது என்பதற்காக அண்ணன் எழுதாமல் விட்டதை, ஐந்நூறு பேர் படிக்கும்படி நான் எழுதியிருக்கிறேன். அவர் கேட்டது ஒரு கையெழுத்து. மலரின் கடைசிப் பக்கத்தில் குடும்பப் படம் வருவது வழக்கம். இதில் படத்துக்குப் பதிலாக அந்தத் தாளைத்தான் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். நான்கு வரிகள், கீழே என் கையெழுத்து. பக்கத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அண்ணன் கண்மூடிய பதினேழாம் நாள்.